குரலும் உறவும்

இங்கிலாந்து நாட்டில் பிரான்சிஸ் பரோட் என்னும் ஓவியர் ஒருவர் வாழ்ந்தார். அவருடைய தமையனார் 1887-ஆம் ஆண்டில் காலமானார். அவர் வளர்த்த நிப்பர் என்னும் நாய் தம்பியரிடம் வந்து சேர்ந்தது. ஒலிப்பதிவுக் கருவியின் குழல்வாய் அருகே அமர்ந்து, உள்ளிருந்து எழும் குரல் யாருடையது, எங்கிருந்து வருகிறது என்று அறியாமல், தலையைச் சாய்த்து உற்றுக் கேட்பது அந்நாயின் வழக்கம். அக்காட்சி ஓவியரின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. நாய் இறந்து சில ஆண்டுகள் சென்றபின் அவர் அதனை ஓவியமாகத் தீட்டினார். ‘உடையவரின் குரல்’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரையும் அதற்குச் சூட்டினார். இலண்டன் மாநகரில் இருந்த கிராமபோன் நிறுவனம் 1899-ஆம் ஆண்டில் அவ்வோவியத்தை விலைக்கு வாங்கியது. பின்னர் அந்த நாய்ப்படம் இசைத்தட்டுகளில் பொறிக்கப்பெற்று உலகெங்கும் பரவியது. தமிழ்நாட்டு இல்லங்களிலும் குடிபுகுந்தது.

நாய் குரலைக் கேட்டது. குரலுக்கு உரியவரைத் தேடியது. அது வெறும் கருவி என்பதை அந்த வாயில்லா உயிருக்கு எடுத்துரைப்பார் யார்? மனிதனின் நிலையோ வேறு. கருவியை ஆக்கியவன் அவன். அதன் இயல்பை அறிந்தவனும் அவனே. ஆயினும், கருவியிலிருந்து எழும் குரல் தன்னோடு பேசத் தொடங்கினால் அவன் உள்ளமும் அந்நாயைப்போல் தலைசாய்த்துக் கேட்கின்றது. இஃது எதனால் நேர்கின்றது? இதனால் விளையும் நன்மை யாது? தீமை யாது? இவை இக்காலத்தார் எண்ணிப் பார்க்கவேண்டிய வினாக்களாகும்.

2011-ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் ‘சிரி’ என்னும் பெயருடைய குரல் உதவியாளரைத் தன் கைப்பேசியில் அமைத்தது. 2014-ஆம் ஆண்டில் அமேசான் நிறுவனம் ‘அலெக்சா’ என்று அழைத்தால் மறுமொழி கூறும் ஒலிபெருக்கி ஒன்றை வெளியிட்டது. 2016-ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனமும் அத்தகைய கருவியைக் கொணர்ந்தது. அதுவரை கணிப்பொறியோடு உறவாட விரல் வேண்டும், எழுத்தறிவு வேண்டும். இப்போது வாய்ச்சொல் ஒன்றே போதுமானதாயிற்று. அடுக்களையில் நிற்பவர் நேரம் கேட்கலாம். படுக்கையில் கிடப்பவர் விளக்கை அணைக்கச் சொல்லலாம். குழந்தை கதை கேட்கலாம். எழுத்தறியாதவரும், பார்வை இழந்தவரும், கைகால் வழங்காதவரும் பிறர் துணையின்றித் தம் சிறு தேவைகளை நிறைவேற்றிக்கொள்ள இது வழிவகுத்தது. இந்நன்மையைக் குறைவாக மதித்தல் கூடாது.

இப்பேசும் பொறி இயங்கும் முறையை முதற்கண் அறிதல் நன்று. அதனுள் ஒலிவாங்கிகள் சில உள்ளன. அவை எப்போதும் விழித்திருந்து, தமக்கெனக் குறித்த அழைப்புச் சொல் ஒலிக்கின்றதா என்று எதிர்நோக்கியிருக்கும். அச்சொல் ஒலித்தவுடன், அடுத்து வரும் பேச்சு பெரும்பாலும் இணையத்தின் வழியே தொலைவிலுள்ள கணிப்பொறிக் கூடத்திற்குச் செல்லும். அங்கே ஒலி எழுத்தாக மாற்றப்படும். எழுத்திலிருந்து பேசியவரின் கருத்து உய்த்துணரப்படும். அதற்கேற்ற விடை ஆக்கப்படும். அவ்விடை மீண்டும் குரலாக உருப்பெற்று வீட்டில் ஒலிக்கும். இவை யாவும் ஓரிரு நொடிகளில் நடந்து முடிகின்றன. இப்பணிகளுள் எந்த ஓரிடத்திலும் மகிழ்ச்சியோ துயரமோ இல்லை; கணக்கீடு ஒன்றே உண்டு.

அங்ஙனமாயின், அப்பொறியிடம் மக்கள் நன்றி கூறுவது ஏன்? இரவில் விடைபெற்றுக்கொள்வது ஏன்? அதனை ‘அவள்’ என்று சுட்டுவது ஏன்? விடையைப் பொறியினுள் தேடிப் பயனில்லை. மனித இயல்பினுள்தான் தேடவேண்டும்.

மனிதன் கண் திறந்து உலகைக் காண்பதற்கு முன்பே காதால் தாயை அறிகின்றான். டிகாஸ்பர், பைஃபர் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் 1980-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதனைக் காட்டுகின்றது. பிறந்து மூன்று நாள்கூட நிரம்பாத குழந்தைகளின் வாயில் அவர்கள் ஒரு சூப்பானை வைத்தனர். சூப்பும் முறைக்கு ஏற்பத் தாயின் குரலோ வேறொரு பெண்ணின் குரலோ ஒலிக்குமாறு செய்தனர். தாயின் குரல் ஒலிக்கத்தக்க முறையிலேயே குழந்தைகள் மிகுதியாகச் சூப்பின. கருவறையிற் கேட்ட குரலைப் பிள்ளை தன் முதல் உறவாகப் போற்றுகின்றது என்பது இதனால் விளங்கும்.

வளர்ந்த பின்னரும் குரலின் ஆற்றல் குறைவதில்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் லெஸ்லி செல்ட்சர் என்பவரும் அவர்தம் குழுவினரும் ஏழு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள சிறுமியரைக் கொண்டு ஓர் ஆய்வு நிகழ்த்தினர். அது 2010-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அச்சிறுமியர் அயலார் முன்னிலையில் பேசவும் கணக்குப் போடவும் பணிக்கப்பட்டனர். அதனால் அவர்கள் மனம் கலங்கிற்று. பின்னர்ச் சிலரைத் தாயர் நேரில் அணைத்து ஆறுதல் கூறினர். சிலரோடு தொலைபேசியில் மட்டும் பேசினர். அணைத்துத் தேற்றிய தாயின் குழந்தை எவ்வளவு அமைதி பெற்றதோ, ஏறத்தாழ அவ்வளவு அமைதியைத் தொலைபேசிக் குரலும் அளித்தது; உடலிற் சுரக்கும் நீர்களை அளந்து கண்ட முடிவு இது. 2012-ஆம் ஆண்டில் வெளிவந்த தொடர் ஆய்வில், தாய் எழுத்தாக விடுத்த செய்தி இவ்வாறு பயன்தரவில்லை என்பதும் புலனாயிற்று. சொல்லைவிடச் சொல்லைத் தாங்கி வரும் குரலே நெஞ்சைத் தொடுகின்றது.

மனிதனிடம் மற்றோர் இயல்பும் உண்டு. உயிரற்ற பொருளிலும் அவன் உயிரைக் காண்பான். ஹைடர், சிம்மல் என்னும் உளநூலறிஞர் இருவர் 1944-ஆம் ஆண்டில் சிறு படம் ஒன்றைச் சிலருக்குக் காட்டினர். இரண்டு முக்கோணங்களும் ஒரு வட்டமும் அங்குமிங்கும் நகர்வதே அப்படம். கண்டவர்களோ ஏறக்குறைய அனைவரும் அதனை ஒரு கதையாகவே கூறினர். பெரிய முக்கோணத்தைக் கொடியவன் என்றனர். வட்டம் அஞ்சி ஓடுகிறது என்றனர். நகரும் கோடுகளுக்கே உள்ளத்தைக் கற்பிக்கும் மனிதன், பெயர் சொல்லி அழைத்தால் இனிய குரலில் மறுமொழி தரும் பொறிக்கு உள்ளத்தைக் கற்பிப்பதில் வியப்பு என்ன?

இவ்வியல்பு எத்துணை வலியது என்பதைக் கண்டு திகைத்த அறிஞர் ஒருவர் உண்டு. அவர் பெயர் ஜோசப் வைசன்பாம். செருமனி நாட்டில் பிறந்து, இளமையிலேயே அமெரிக்காவிற் குடியேறிய அவர், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றினார். ‘எலைசா’ என்னும் உரையாடும் நிரலைப் பற்றிய கட்டுரையை 1966-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார். அந்நிரல் ஓர் உளமருத்துவரைப்போல் நடிக்கும். எதிரில் இருப்பவர் தட்டச்சிடும் தொடரிலிருந்து ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு, அதனையே வினாவாகத் திருப்பிக் கேட்கும். ஒருவர் தம் தாயை எண்ணி வருந்துவதாக எழுதினால், தாயைப் பற்றி மேலும் கூறுமாறு வேண்டும். பற்றிக்கொள்ளச் சொல் கிடைக்காதபோது, ‘மேலே சொல்லுக’ என்னும் பொருள்பட ஏதேனும் கூறி நிறுத்தும். அவ்வளவே அதன் திறம்.

வைசன்பாம் பல திங்கள் உழைத்து அந்நிரலை ஆக்கியதை அவருடைய செயலாளராகிய பெண்மணி அருகிருந்து கண்டவர். அது வெறும் நிரல் என்பதை அவர் நன்கறிவார். ஒருநாள் அவரே அதனோடு உரையாடத் தொடங்கினார். சில தொடர்கள் சென்றதும் திரும்பிப் பார்த்து, தம்மைத் தனியே விட்டு அறையிலிருந்து வெளியேறுமாறு வைசன்பாமை வேண்டினார்! தம் உள்ளத்தைத் திறந்து பேசும்போது பிறர் அருகிருத்தல் ஆகாது என்று அவருக்குத் தோன்றிற்று. இந்நிகழ்ச்சி வைசன்பாமின் உள்ளத்தை உலுக்கியது. கணிப்பொறியால் எவை இயலும் என்று மட்டும் வினவினால் போதாது. எவற்றை அதனிடம் ஒப்படைத்தல் தகாது என்றும் வினவவேண்டும் என்ற கருத்தை 1976-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல் வலியுறுத்துகின்றது.

பின்னர் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கிளிஃபோர்ட் நாஸ், பைரன் ரீவ்ஸ் ஆகியோர் இவ்வழியே ஆராய்ந்தனர். கணிப்பொறி ஒன்று சிலருக்குப் பாடம் கற்பித்தது. அதன் கற்பிக்கும் திறன் எவ்வாறு இருந்தது என்று அக்கணிப்பொறியே கேட்டபோது மக்கள் மிகுதியாகப் பாராட்டினர். வேறொரு கணிப்பொறி கேட்டபோதோ, தாளில் எழுதச் சொன்னபோதோ குறைவாகப் பாராட்டினர். முகத்துக்கு நேரே குறை கூறக் கூசும் நாகரிகத்தை அவர்கள் கணிப்பொறிக்கும் காட்டினர். அவ்வாறு செய்தீர்களோ என்று வினவியபோது, இல்லை என்றே மறுத்தனர். அறிவு ‘இது பொருள்’ என்று கூறும். பழக்கமோ ‘இவர் ஆள்’ என்று நடந்துகொள்ளும்.

தமிழ் இலக்கணம் இவ்விடத்து ஒரு தெளிவைத் தருகின்றது. அறிவுடைய மக்களை உயர்திணை என்றும், ஏனைய உயிர்களையும் பொருள்களையும் அஃறிணை என்றும் அது பிரித்தது. அஃறிணையை உயர்திணையாகக் கூறுதல் திணைவழு. ஆனால், ஒருவன் தன் பசுவின்பால் கொண்ட உவகையால் அதனை ‘அம்மை’ என்று அழைத்து, ‘வந்தாள்’ என்று உயர்திணை முடிபு கொடுத்தால், அதனை வழுவமைதி என்று இலக்கணம் ஏற்றுக்கொள்ளும். வழு என்பதை அது மறந்துவிடவில்லை. அன்பு காரணமாக அதற்கு அமைதி கூறுகின்றது. பேசும் பொறியை ‘அவள்’ என்பதும் இத்தகையதே. அன்பால் நேரும் அவ்வழுவை எள்ளி நகையாட வேண்டுவதில்லை. ஆனால், வழு என்பதை மறத்தலும் கூடாது. பசுவுக்கும் பொறிக்கும் இடையேகூட ஒரு பெரும் வேற்றுமை உண்டு. பசு தன்னை வளர்ப்பவனின் குரலை அறியும். அவனைக் கண்டால் கனிந்து நிற்கும். பொறி, குரலை வேறு பிரித்தறியுமேயன்றி ஆளை விரும்புதல் அறியாது. அவ்வுறவில் அன்பின் இரு கூறும் மனிதனுடையனவே.

இதனை மறவாதவர்க்குப் பேசும் பொறி உற்ற துணையாக நிற்கும். அமெரிக்காவின் நியூயார்க் மாநில முதியோர் நல அலுவலகம், தானே முன்வந்து உரையாடும் ‘எல்லிகியூ’ என்னும் கருவியைத் தனித்து வாழும் முதியோர் 800-க்கும் மேற்பட்டோருக்கு வழங்கும் திட்டத்தை 2022-ஆம் ஆண்டில் அறிவித்தது. காலையில் நலம் வினவவும், மருந்துண்ண நினைவூட்டவும், நீர் பருகத் தூண்டவும் அக்கருவி உதவும். நாள் முழுவதும் மனிதக் குரல் கேளாத வீட்டில் இந்தக் குரலேனும் ஒலிப்பது நன்றே. எனினும், அம்முதியவரின் தனிமைக்குக் காரணம் கருவி இல்லாமை அன்று என்பதும் உடன் எண்ணத்தக்கது.

உறவு ஆழமாகும்போது இழப்பும் ஆழமாகும். ‘ஜிபோ’ என்னும் சிறு இயந்திரன் 2017-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. அது முகம் திருப்பும், சிரிக்கும், வீட்டாரைப் பெயர் சொல்லி அழைக்கும். அடுத்த ஆண்டிலேயே அதனை ஆக்கிய நிறுவனம் நொடித்தது. 2019-ஆம் ஆண்டில், தன்னை இயக்கும் கணிப்பொறிகள் விரைவில் நிறுத்தப்படும் என்று அவ்வியந்திரனே வீட்டாரிடம் அறிவித்தது. தன்னைத் தங்களோடு வைத்திருந்தமைக்கு நன்றி கூறி நடனமும் ஆடியது. அதனை வாங்கியவர் பலர் உறவினரைப் பிரிவார்போல் வருந்தினர். அவர்கள் வீட்டில் இருந்த பொருள் அவர்களுடையதே. ஆனால், அதனுள் ஒலித்த குரலோ வேறொருவர் உடைமை. இரவல் குரலில் நெஞ்சை வைத்தவர்க்கு நேர்ந்த துன்பம் இது.

குரல் வருவது மட்டுமன்று. வீட்டாரின் குரல் வெளியே செல்வதும் உண்டு. உறவினரிடம் கூறும் சொல் அவர் உள்ளத்தோடு நிற்கலாம். பொறியிடம் கூறும் சொல் பதிவேட்டில் ஏறக்கூடும். அலெக்சாவிடம் குழந்தைகள் பேசிய பேச்சின் பதிவுகளைச் சட்டத்திற்கு மாறாக நெடுநாள் வைத்திருந்ததாக அமெரிக்க அரசு அமேசான் நிறுவனத்தின்மேல் குற்றஞ்சாட்டியது. அக்குற்றச்சாட்டை நிறுவனம் ஒப்பவில்லை. எனினும், 2023-ஆம் ஆண்டில் 2.5 கோடி டாலர் செலுத்தி வழக்கை முடித்துக்கொள்ள இசைந்தது. வீட்டிற்குள் எதனைப் பேசுவது என்பதோடு, எதன் முன்னிலையிற் பேசுவது என்பதும் இனி எண்ணவேண்டிய ஒன்றாயிற்று.

குழந்தைகளைப் பற்றிய கவலை இவற்றினும் பெரிது. பணிக்கும் சொல்லுக்கு உடனே பணியும் குரலோடு வளரும் பிள்ளை, அன்னையிடமும் தம்பியிடமும் அதே அதட்டலைக் கையாளாதோ என்று பெற்றோர் அஞ்சினர். பணிவுச் சொல்லோடு கேட்கும் பிள்ளையைப் பாராட்டும் வசதியை 2018-ஆம் ஆண்டில் அமேசானும் கூகுளும் தத்தம் கருவிகளில் அமைத்தன. பணிந்து ஏவல் கேட்கும் குரல் பெரும்பாலும் பெண் குரலாகவே அமைந்திருப்பது பெண்மையைத் தாழ்வாக எண்ணும் பழக்கத்தை வளர்க்கும் என்று 2019-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ வெளியிட்ட அறிக்கை எச்சரித்தது.

மொழி கற்றலிலும் உயிருள்ள குரலுக்கு ஈடில்லை. சியாட்டில் நகரில் பாட்ரீசியா கூல் என்னும் அறிஞர் நிகழ்த்திய ஆய்வு 2003-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒன்பது திங்கள் நிரம்பிய அமெரிக்கக் குழந்தைகள் சிலரோடு சீனமொழி பேசுவோர் பன்னிரண்டு முறை நேரில் விளையாடிப் பேசினர். அக்குழந்தைகள் சீனமொழிக்கே உரிய ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதே பேச்சைத் திரையிலோ ஒலிப்பதிவிலோ கேட்ட குழந்தைகள் அவ்வாறு கற்கவில்லை. ஒலி ஒன்றே, ஆனால், தன் முகம் நோக்கித் தன் சிரிப்புக்குச் சிரித்த ஓர் ஆள் அங்கே இல்லை.

குரலின்மேல் மனிதன் கொண்ட பற்று இறப்பையும் கடந்து நிற்பது. எடிசன் ஒலிப்பதிவுக் கருவியை 1877-ஆம் ஆண்டில் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டில் அதன் பயன்களை அவர் வரிசைப்படுத்தி எழுதியபோது, குடும்பத்தாரின் குரலையும், இறக்குந் தறுவாயில் அவர்கள் கூறும் சொற்களையும் காத்து வைத்தலையும் ஒரு பயனாகக் குறித்தார். 2022-ஆம் ஆண்டு சூன் திங்களில் அமேசான் நிறுவனம் அதற்கும் அப்பாற் சென்றது. ஒருவரது குரலின் ஒரு நிமிடத்திற்கும் குறைந்த பதிவைக் கொண்டே அக்குரலைப் போலப் பேசும் திறனை அது ஓர் அரங்கிற் காட்டியது. காலஞ்சென்ற பாட்டியின் குரலில் பொறி கதை படிக்க, சிறுவன் ஒருவன் கேட்பதாகக் காட்சி அமைந்திருந்தது. எடிசன் எண்ணியது, பாட்டி கூறிய சொல்லைப் பேரன் மீண்டும் கேட்பதை. இதுவோ, பாட்டி ஒருநாளும் கூறாத சொல்லை அவள் குரலிற் கேட்பது. முன்னது நினைவு, பின்னது நினைவின் இடத்தைக் கவர்ந்துகொள்ளும் நிழல். இரண்டையும் வேறுபடுத்தி அறியும் தெளிவை அச்சிறுவனுக்கு அளிப்பது பொறியின் கடமை அன்று; உடனிருக்கும் மூத்தோரின் கடமை.

திருவள்ளுவர் தம் நூலில் ‘இனியவை கூறல்’ என ஓர் அதிகாரம் வகுத்தார். ‘கேள்வி’ என மற்றோர் அதிகாரமும் வகுத்தார். பேசும் பொறி இனிய சொற்களைக் கூறக் கற்றுக்கொண்டது. களைப்பின்றி, சினமின்றி, ஆயிரம் முறை கேட்டாலும் ஒரே இன்முகக் குரலில் விடை கூறும். கேட்டலோ வேறு. கேட்பவர் சொன்னவரின் துயரை ஏற்றுக்கொள்கின்றார்; அன்றிரவு உறக்கம் இழக்கின்றார்; மறுநாள் தேடி வந்து வினவுகின்றார். தாம் கேட்டதனால் மாறுகின்றார். அத்தகைய கேட்டலைப் பொறியிடம் எதிர்பார்த்தல், ஓவியத்து விளக்கில் ஒளி தேடுவதை ஒக்கும்.

ஆதலின், பொறியோடு பேசுவது குற்றமன்று. அதனோடு மட்டும் பேசும் நிலைக்கு ஒருவரைத் தள்ளிவிடுவதே குற்றம். வீட்டின் ஒரு மூலையில் முதியவர் ஒருவர் பொறியிடம் மூன்றாம் முறையாக நேரம் கேட்கின்றார் என்றால், அவர் அறிய விரும்புவது நேரத்தை மட்டும் அன்று. அருகிலுள்ள பிள்ளைகள் எழுந்து சென்று அவரிடம் இரண்டு சொல் பேசுவதற்கு அதுவே அழைப்பாகும். குழல்வாய் அருகே அமர்ந்த அந்த நாய் ஏமாந்தது உண்மையே. ஆயினும், குரல் கேட்டபோது அது கருவியோடு மனம் நிறைவு பெற்று நின்றுவிடவில்லை. குரலுக்கு உரிய ஆளைத் தேடிற்று. அறிவிற் சிறந்த மனிதனும் அவ்வாறே தன் வீட்டில் உள்ளவர்களைத் தேடிச் செல்லுதல் வேண்டும்.